என் விளையாட்டில் யாரும் சாமியைத் தேர்ந்தெடுக்க முடியாது

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி, ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறிக் கதை ஆடுகிற விளையாட்டுகளில், அந்தப் பாத்திரத்தின் விவரம் எழுதுகிற கேரக்டர் ஷீட்டை நிரப்பும்போது ‘தெய்வம்’ என்று ஒரு கட்டம் வரும். பெயர், இனம், வீரனா மந்திரவாதியா என்கிற வகை எல்லாம் எழுதி முடித்தபிறகு ஒரு பட்டியலைப் புரட்டி, போருக்கான சாமியா, காட்டுக்கான சாமியா, சாவுக்கான சாமியா, எது நம்ம ஆளுக்குத் தோதாக இருக்கிறதோ அதை எழுதிக்கொள்ளலாம். மதுரையில் நண்பர்களுக்கு நான் நடத்தும் ஆட்டத்தில் அந்தக் கட்டத்தை அடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக வேறு கேள்விகள் இருக்கின்றன. உன் குலசாமி எது? அதற்கு உன் வீடு என்ன கடன்பட்டிருக்கிறது? அந்தக் கோயிலில் உனக்கு என்ன உரிமை உண்டு, என்ன உரிமை இல்லை? புதிதாக வந்து சேர்கிற ஒவ்வொருவரும் ஏன் இப்படி என்று கேட்கிறார்கள், அதனால் ஒரே தடவையாக இங்கே எழுதிவிடுகிறேன்.

இந்த விளையாட்டுகளின் சாமிகள் மீது எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. எனக்கு ரொம்பப் பிடித்ததே அவைதான். சண்டையை விட்டுவிட்டு, கோயிலில் கிடக்கிற ஏடுகளையும் பூசாரிகள் சொல்கிற கதைகளையும் தேடித் தேடிப் படிக்கிற ஆள் நான். பிடித்ததால்தான் எங்கே உயிர் இருக்கிறது, எங்கே இல்லை என்று கண்ணில் படுகிறது.

இந்த வகைக்கெல்லாம் மூத்தது 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதன் முதல் பதிப்பிலேயே கிளெரிக் என்ற பூசாரிப் பாத்திரம் உண்டு, காயத்தை ஆற்றுவார், பிணப்பேய்களை விரட்டுவார். 1980-ல் தெய்வங்களுக்கென்றே ஒரு தொகுதி வந்தது. கிரேக்கம், எகிப்து என்று பல நாட்டுப் புராணங்களிலிருந்தும் தெய்வங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உயிர்ப்புள்ளி இவ்வளவு, கவச எண் இவ்வளவு என்று போட்டார்கள். நம் இந்திரனும் காளியும்கூட அதில் இருக்கிறார்கள். விளையாட்டுக்கு எண் வேண்டும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் உயிர்ப்புள்ளி எழுதின சாமியைப் பார்த்ததும் ஆடுகிறவருக்கு முதலில் வருகிற யோசனை இதை அடித்துச் சாய்க்க முடியுமா என்பதுதான். இதற்கு நான் என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறேன் என்று யாருக்கும் தோன்றாது.

எங்கள் பக்கம் குலசாமியை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, அது வாய்ப்பது. நான் பிறந்த வீட்டுக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கருப்பு. கல்யாணம் ஆனதும் எனக்கு மேலூர்ப் பக்கம் ஒரு அய்யனார். பிறந்த வீட்டுச் சாமியைக் கும்பிடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. “அங்கிட்டுப் போனா கும்பிட்டுக்கத்தா, ஆனா மொட்டையும் காதுகுத்தும் இங்கிட்டுத்தான்” என்று என் மாமியார் சொன்னார், அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. என் பிள்ளைகளின் முதல் முடி அய்யனாருக்குப் போயிற்று. கருப்பு கோயிலில் என் தம்பிக்கு வரி உண்டு, எனக்குக் கிடையாது. வரி கொடுக்கிறவர் பங்காளி, பங்காளிக்குத்தான் வெட்டின கிடாயில் பங்கு. சின்ன வயதில் அந்தக் கோயில் மண்ணில் விழுந்து புரண்ட எனக்கு அங்கே இன்றைக்கு விருந்தாளி இடம்தான். இதில் என் நம்பிக்கை எங்கேயும் மாறவில்லை. மாறினது என் இடம் மட்டும்தான். விளையாட்டுகளில் ஒருவர் சாமி மாறினால் அது துரோகமாக இருக்கும், இல்லையென்றால் ஞானம் வந்த கதையாக இருக்கும். ஒரு கல்யாணத்தில் ஒரு பெண்ணுக்கு சாமியே மாறிவிடுகிறது என்பதை நான் ஆடின எந்த உலகத்திலும் பார்த்ததில்லை, அதனால்தான் என் உலகத்தில் அதை முதல் விதியாக வைத்தேன்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கதைகள் நடக்கிற ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற உலகம், 2023-ல் வந்த பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி விளையாட்டை ஆடினவர்களுக்குத் தெரிந்திருக்கும், இந்த விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பானது. அங்கே சாமிகளின் பலம் கும்பிடுகிறவர்களைப் பொறுத்தது. எல்லோருக்கும் மேலே இருக்கிற ஏயோ அப்படி ஒரு கட்டளை போட்டுவிட்டார். எந்தச் சாமியையும் ஏற்காமல் செத்தவர்களின் ஆன்மாவை ஒரு சுவரில் வைத்துப் பூசிவிடுவார்கள் என்றுகூட நெடுநாள் கதை இருந்தது. ஆள் இல்லாத சாமி தேய்ந்துபோகும் என்ற எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் எங்கள் ஊர்களில் கணக்கு தலைகீழ். குடும்பம் திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்விடுகிறது, கோயில் கருவேல முள்ளுக்குள் போய்விடுகிறது, சாமிக்கு ஒன்றும் குறைவதில்லை. அது அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. குறைவது குடும்பத்துக்கு. பிள்ளைக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறது, வியாபாரம் படுக்கிறது, கடைசியில் கோடாங்கியிடம் போனால் ‘உங்க சாமி மூணு தலைமுறையா விளக்கில்லாம கெடக்கு’ என்கிறார், உடனே ஒரு வேன் பிடித்துக்கொண்டு தாத்தா ஊரைத் தேடிப் போகிறார்கள். அங்கே யாரோ ஒரு கிழவிதான் கோயில் இருந்த இடத்தைக் காட்டுவார். ஒரு சாகசத்துக்கு இதைவிடத் தொடக்கம் வேண்டுமா? பூதத்தைக் கொல்ல வேண்டாம், மறந்துபோன சாமியின் பெயரைக் கண்டுபிடித்தால் போதும்.

சரி, நன்றாகச் செய்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற கணினி விளையாட்டு வரிசையில் 2002-ல் வந்த மாரோவிண்டை மிஞ்சி இன்றுவரை எதுவும் வரவில்லை என்பது என் கட்சி. அதில் விவெக் என்று ஒரு சாமி, தன் பெயரிலேயே இருக்கிற நகரத்தில் உயிரோடு வாழ்கிறார், கதவைத் திறந்து போய்ப் பேசலாம். அந்த மதத்தில் யாத்திரைத் தலங்கள் உண்டு. அதில் ஒன்று கும்மு வயல். ஒரு குடியானவனின் குவார், அதாவது அங்கத்து உழவு மிருகம், செத்துப்போகிறது. விவெக் வந்து அந்த மிருகத்தின் இடத்தில் தானே நின்று உழைத்துக் கொடுக்கிறார். அந்த இடத்தில் காணிக்கை பொன்னும் மணியும் கிடையாது, கொஞ்சம் சகதிதான். முதல் தடவை அந்தக் கல்லில் எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, ஏனென்றால் இது எங்கள் வந்தி கதை. வைகையில் வெள்ளம், கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு, பிட்டு விற்கிற கிழவி வந்திக்கு அனுப்ப ஆள் இல்லை. சொக்கநாதர் கூலியாளாக வந்து நிற்கிறார். கூலி உதிர்ந்த பிட்டு. வேலையும் ஒழுங்காகச் செய்யாமல் ஆடிப் பாடித் தூங்கிவிடுகிறார், பாண்டியன் பிரம்பால் ஒரு அடி போடுகிறான், அந்த அடி ராஜா முதுகு உட்பட ஊரில் உள்ள எல்லோர் முதுகிலும் விழுகிறது.

இது வெறும் கதையாக நின்றுவிடவில்லை என்பதுதான் இதில் பெரிய விஷயம். ஒவ்வொரு ஆவணியிலும் மூலத் திருவிழாவில் சாமி புட்டுத்தோப்புக்குப் போகிறார், மண் சுமக்கிறார், அடி வாங்குகிறார். மாரோவிண்டில் சகதியை வைத்தால் ஒரு வரம் கிடைக்கும், அதோடு அந்த இடத்துக்குத் திரும்பப் போக வேலை இல்லை. விளையாட்டு உலகங்களில் சாமிக்குப் பெயர் இருக்கும், சின்னம் இருக்கும், ஆனால் திரும்பத் திரும்ப வருகிற நாள் இருக்காது. இருந்தாலும் அந்த நாளில் ஊரில் எதுவும் நின்றுபோகாது. என் உலகத்தில் காப்புக் கட்டிவிட்டால் எல்லையைத் தாண்டி வெளியூரில் ராத்தங்கக் கூடாது. வில்லன் தப்பி ஓடுகிறான், எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று சிரிக்கிறான், காப்புக் கட்டினவர் இந்தப் பக்கம் நிற்க வேண்டியதுதான். தாண்டலாமா என்று கேட்டார்கள், தாராளமாகத் தாண்டலாம் என்றேன். தாண்டிவிட்டு ஊருக்குள் எந்த முகத்தோடு திரும்புவாய் என்பதை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

விவெக் கதையில் இன்னொரு முக்கியமான இடம் இருக்கிறது. அவரும் மற்ற இரண்டு பேரும் எப்படிச் சாமியானார்கள் என்பதற்குக் கோயில் சொல்லும் கதை ஒன்று, சாம்பல் நிலத்தில் கூடாரம் போட்டு வாழ்கிற குடிகள் சொல்லும் கதை வேறு. நெரேவார் என்ற தலைவனைக் கூட இருந்தவர்களே கொன்றுவிட்டு, பறித்த சக்தியால் சாமியானார்கள் என்பது அந்தக் குடிகளின் கதை. எது நடந்தது என்று விளையாட்டு கடைசிவரை தீர்த்துச் சொல்லாது. இதை ஒரு குறையாகச் சொல்கிற நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். அவர்களைச் சித்ரா பௌர்ணமிக்கு வைகை ஆற்றுக்குத்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அழகர் எதற்கு ஆற்றில் இறங்குகிறார்? தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்கு வந்தார், நேரமாகிவிட்டது, கோபத்தில் ஆற்றோடு திரும்பிவிட்டார் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். கோயிலில் கேட்டால் தவளையாகப் போகச் சாபம் வாங்கின மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுக்க வந்தார் என்பார்கள். திருமலை நாயக்கர்தான் தனித்தனியாக இருந்த இரண்டு திருவிழாவையும் சித்திரையில் ஒன்றாகச் சேர்த்தார் என்று வரலாறு படித்தவர்கள் சொல்வார்கள். தல்லாகுளத்தில் எதிர்சேவைக்கு நிற்கிற கூட்டத்துக்கு இந்த மூன்றும் தெரியும். தண்ணீர் பீய்ச்சுகிறவர் கையை நிறுத்திவிட்டு எது உண்மை என்று கேட்பதில்லை. சாமி என்ன நிறப் பட்டு கட்டி இறங்குகிறது என்பதுதான் அவருக்கு முக்கியம், பச்சை என்றால் வருசம் செழிக்கும்.

அதே வரிசையில் பிறகு வந்த ஸ்கைரிம் (2011) இந்த இடத்தில் கொஞ்சம் சறுக்குகிறது என்று நினைக்கிறேன். டைபர் செப்டிம் என்ற பேரரசன் செத்தபிறகு டாலோஸ் என்ற சாமியானான் என்பது மனிதர்களின் நம்பிக்கை. போரில் ஜெயித்த தால்மோர் எல்ஃப்கள் ஒரு உடன்படிக்கையில் அந்த வழிபாட்டைத் தடை செய்கிறார்கள். மனிதன் எப்படிச் சாமியாவான் என்பது அவர்கள் கேள்வி. அருமையான சிக்கல், நாடே இதில் இரண்டாக உடைகிறது. ஆனால் மலைச்சந்தில் ஒளிந்திருக்கிற டாலோஸ் பீடத்தைப் போய்த் தொட்டால், கத்தும் மந்திரங்களுக்கு இடையில் காத்திருக்கும் நேரம் 20 சதவீதம் குறைகிறது. அந்த 20 சதவீதம் வழக்கையே முடித்துவிடுகிறது. வரம் கிடைக்கிறது, ஆக சாமி இருக்கிறது, தால்மோர் பொய்யர்கள். இதற்குப் போய் இத்தனை பேர் சாக வேண்டுமா? கையில் எண்ணாக வந்து விழுகிற வரத்துக்கு நம்பிக்கை எதற்கு?

மனிதர் சாமியாவது என்றதும் எனக்கு மனசு நிற்கிற இடம் வேறு. விளையாட்டுகளில் மனிதர் சாமியாவது ஜெயித்துத்தான். டாலோஸ் கண்டத்தையே பிடித்தவன். பால்டர்ஸ் கேட் 3-ல் ‘செத்த மூவர்’ என்று வருகிற மூன்று சாமிகளும் ஒருகாலத்தில் மனிதர்கள், பதவிக்கு ஆசைப்பட்டு ஏறினவர்கள். எங்கள் பக்கம் மனிதர் சாமியாவது பெரும்பாலும் அநியாயமாகச் செத்து. மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்தை ஒட்டி இருக்கிற மதுரை வீரன், பழி சுமத்தி மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். காடு மேடெல்லாம் இருக்கிற எத்தனையோ அம்மன்கள், யாரோ கைவிட்ட, யாரோ கொன்ற பெண்கள். கொன்றவர்களின் வம்சமே பயந்து, பிறகு மனசு கரைந்து, சேலை வைத்துக் கும்பிடுகிற கோயில்களும் உண்டு. மேலமடை பாண்டி கோயிலில் உட்கார்ந்திருக்கிற முனி, கண்ணகிக்குத் தப்புத் தீர்ப்பு சொன்ன பாண்டியனேதான் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். குற்றம் செய்தவனும் சாமி, குற்றத்தில் செத்தவளும் சாமி. இந்த ஆழத்துக்குப் பக்கத்தில் வந்த விளையாட்டு என்று நான் சொல்வது டிராகன் ஏஜ் (2009). ஆண்ட்ராஸ்டே என்ற பெண்ணை உயிரோடு எரிக்கிறார்கள். எரிக்கச் சொன்ன அரசன் ஹெஸ்ஸேரியன் அந்த வேதனையைப் பார்க்கமாட்டாமல் வாளால் முடித்துவிடுகிறான், பிறகு அவனே அவளுடைய மதத்துக்கு மாறுகிறான். அந்த மதத்தின் சாமியான மேக்கர் யாருக்கும் பதில் சொல்வதில்லை. மந்திரம் போடுகிறவர்களுக்கும் அந்தச் சாமிக்கும் சம்பந்தம் இல்லை. அதனால் அந்த உலகத்தில் ஒருவர் கும்பிட்டால் அது உண்மையிலேயே கும்பிடுவதாக இருக்கிறது.

அப்புறம், கோயில் வாசல். விளையாட்டில் ரத்தக்கறையோடு வருகிற எந்த ஊர் பேர் தெரியாத கூலிவீரனும் எந்தக் கோயிலுக்குள்ளும் நேராக நடந்து போய் பீடத்தைத் தொடலாம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கும். மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டவர்கள் காலெடுத்து வைத்தது 1939 ஜூலை 8-ல், வைத்தியநாத ஐயர் முன்னின்று, கக்கன் முதலானவர்களோடு. அதுவரை அந்த வாசலில் நின்று திரும்பினவர்கள் எத்தனை தலைமுறை. இன்றைக்கும் முதல் மரியாதை யாருக்கு, தேர் எந்தத் தெருவுக்கு வரும் வராது என்பதில் திருவிழாவே நின்றுபோகிற ஊர்கள் இருக்கின்றன, தாலுகா அலுவலகத்தில் அமைதிப் பேச்சு நடக்கிறது. இதைக் கற்பனை உலகத்தில் கொண்டுவந்தால் விளையாட்டு கசந்துவிடும் என்கிறார்கள். கசக்கட்டும். யார் உள்ளே வரக்கூடாது என்று சொல்லாத மதத்தை எழுதினால் அதில் பாதியைத்தான் எழுதியிருக்கிறோம், அந்த வாசலை உடைக்கப் போகிறவர்களின் கதையை எழுத இடமே இல்லாமல் போய்விடும்.

என் ஆட்டத்தில் இது எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். சாமி யாருக்கும் கூடுதல் புள்ளி கொடுக்காது. நேர்த்திக்கடன்தான் எல்லாம். ஆபத்தில் ஒருவர் வேண்டிக்கொள்ளலாம், வேண்டிக்கொண்டதை ஷீட்டில் எழுதிவிட வேண்டும். பிழைத்தால் செலுத்த வேண்டும். செலுத்துவதற்குள் ஆள் செத்துப்போனால், அதே குடும்பத்தில் அவர் உருவாக்குகிற அடுத்த ஆளுக்கு அந்தக் கடன் இறங்கும். பாட்டன் வேண்டின குதிரையைப் பேத்தி சுமந்துகொண்டு போய் அய்யனார் முன்னால் இறக்கின செஷனை எங்களில் யாரும் மறக்கவில்லை, அதில் ஒரு வாள்கூட உருவப்படவில்லை.

உத்தரவு கேட்பதற்கு டைஸ் கிடையாது. சிவப்புச் சீட்டு, வெள்ளைச் சீட்டு, பூக்கட்டிப் பார்க்கிற மாதிரி மடித்துப் போட்டு அங்கே இருப்பதில் சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வோம். பெரும்பாலும் என் மகள்தான். ஆட்டத்தை நடத்துகிற எனக்கே சாமி பேசினதா, சீட்டு விழுந்ததா என்று தெரியாது, தெரியவும் கூடாது.

வரைபடத்தில் கோயில்களைக் குறிப்பதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறேன். பிழைக்கப் போகிற குடும்பம் பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப் போய்ப் புது ஊரில் வைத்துக் கும்பிடும் இல்லையா, அதேதான். ஒவ்வொரு கோயிலுக்கும் தாய்க்கோயில் எது, மண் எந்த வழியாக வந்தது, பஞ்சத்தில் வந்ததா, பங்காளிச் சண்டையில் வந்ததா என்று கோடு போட்டால் அந்த நாட்டின் வரலாறு தன்னால் வந்து நிற்கிறது. தனியாக உட்கார்ந்து பெரிய பெரிய போர்களை எழுத வேண்டிய அவசியமே வரவில்லை.

சின்ன வழக்கங்களை விடக் கூடாது. அழகர் மலையை விட்டுப் புறப்படும்போது அவர் போட்டிருக்கிற நகைகளின் பட்டியலைப் பதினெட்டாம்படி கருப்பு முன்னால் படிப்பார்கள், திரும்பி வந்ததும் கருப்புக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கருப்பே மலையாள தேசத்திலிருந்து அழகரின் சக்தியைத் திருட வந்த மந்திரவாதிகளோடு வந்து, அழகில் மயங்கி இங்கேயே காவலுக்கு நின்றவர் என்பது கதை. பெருமாளிடமே நகைக்குக் கணக்குக் கேட்கிற காவல் சாமி! பட்டியலில் ஒரு பதக்கம் குறைந்தால் என்ன ஆகும் என்று நான் ஒரே ஒரு வரி சொன்னேன், அதை வைத்து எங்கள் குழு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆடியது.

இப்போது ஆட்டம் நிற்கிற இடம் இது. மாசிப் பச்சைக்கு உசிலம்பட்டியிலிருந்து பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலுக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு நடக்கிறார்களே, அதைப் பார்த்து வளர்ந்ததால் எழுதினது. சாமிப்பெட்டி பொழுது இறங்குவதற்குள் ஆற்றைக் கடந்தாக வேண்டும். மேல்கரைப் பங்காளிக்கும் கீழ்கரைப் பங்காளிக்கும் பெட்டியை யார் முதலில் தொடுவது என்று தகராறு, மேலே மலையில் மழை பெய்கிறது. இறங்கித் தாண்டக்கூடிய துறை தெரிந்தவள் ஒருத்திதான், அவள் வேறு ஊருக்குக் கட்டிக்கொடுத்த மகள், பெட்டியில் கை வைக்க உரிமை இல்லாதவள். சீட்டு எடுக்கலாம் என்று மேல்கரைக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள், கீழ்கரை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறோம். சிவப்பு விழுந்தால் அவள் என்ன செய்வாள் என்று அவளை ஆடுகிற தோழியிடம் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தேன், வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்.